கவுன்சில் நம் குடியிருப்பை விற்கப்போகிறது என்றால் எந்த வழியில் போவது?

கவுன்சிலிடமிருந்து, அதாவது இங்கிலாந்தில் வாடகை வீடுகளை வைத்திருக்கும் உள்ளாட்சியிடமிருந்து, வரும் கடிதத்தில் பெரும்பாலும் 'மறுசீரமைப்பு' என்ற சொல்தான் இருக்கும். 'விற்பனை' என்ற சொல் மூன்றாம் பக்கத்திலோ நான்காம் பக்கத்திலோ எங்கேயாவது இருக்கும். லண்டனில் எங்களுக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றுக்கு அப்படியொரு கடிதம் வந்தபோது, அங்கே இருக்கும் அன்ரி ஒருவருக்கு அதைத் தமிழில் வாசித்துச் சொல்லப் போயிருந்தேன். முப்பது வருடமாக அதே வீட்டில் வாடகை கட்டி வருபவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்கள் எங்க பிள்ளை போறது?" என்றார். அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. அதன் பிறகு தேடி வாசித்ததையும் கூட்டங்களில் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள், தங்கள் குடியிருப்பு விற்கப்படப் போகிறது என்று தெரிந்ததும் யோசிக்கும் வழிகள் ஐந்து. தன் வீட்டைத் தானே வாங்கிக்கொள்வது. நல்ல நிபந்தனைகள் போட்டு விற்பனைக்குச் சம்மதிப்பது. வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்பது. தெருவிலும் நீதிமன்றத்திலும் தடுப்பது. கடைசியாக, குடியிருப்பு முழுவதையும் குடியிருப்பவர்களே சேர்ந்து எடுத்துக்கொள்வது. ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: இன்று ஜெயித்தால், பத்து வருடம் கழித்து வேறு கட்சி, வேறு தலைவர் வந்த பிறகும் அந்த வெற்றி நிற்குமா?

தமிழ் வீடுகளில் முதலில் எழும் பேச்சு வாங்குவதைப் பற்றித்தான். 1980ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில் வாடகையாளருக்குத் தள்ளுபடியோடு வீட்டை வாங்கும் உரிமையைக் கொடுத்தது. நம்மவர்களில் பலர் அப்படித்தான் வீட்டுக்காரர் ஆனார்கள். ஆனால் 2024 நவம்பரிலிருந்து லண்டனின் பெரும்பாலான பகுதிகளில் அதிகபட்சத் தள்ளுபடி 16,000 பவுண்டுதான். இன்றைய லண்டன் விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அதைவிட முக்கியமாக, அடுக்குமாடியில் ஒரு பிளாட்டை வாங்குகிறவர் நிலத்தை வாங்குவதில்லை. குத்தகை உரிமை மட்டுமே அவருக்குக் கிடைக்கிறது. இடிக்க வேண்டும் என்று கவுன்சில் தீர்மானித்தால், அவர் சம்மதிக்காவிட்டாலும் வீட்டை வாங்கிக்கொள்ள வழிசெய்யும் கட்டாயக் கொள்முதல் ஆணை வரும்.

லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் இருந்த ஹேகேட் குடியிருப்பில் நடந்தது இதுதான். 1974இல் கட்டி முடித்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட இடம். சதக் (Southwark) கவுன்சில் அந்த நிலத்தை லெண்ட் லீஸ் நிறுவனத்துக்கு 50 மில்லியன் பவுண்டுக்குக் கொடுத்தது. வீடு வாங்கியிருந்தவர்கள் கிடைத்த பணத்தில் அதே பகுதியில் இன்னொரு வீடு வாங்க முடியாமல் நகரத்தின் ஓரங்களுக்குப் போனார்கள். கடைசி ஆளை 2013இல் அதிகாரிகள் வந்து வெளியேற்றினார்கள். அங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு புதிய வீடுகள் என்று ஒப்புதல் பெற்ற திட்டத்தில், பழைய கவுன்சில் வாடகைக்கு ஒப்பான வாடகையில் விடுவதற்கென்று வைத்த வீடுகள் நூறைக்கூட எட்டவில்லை. ஒருவர் தன் வீட்டை வாங்குவது அவருடைய குடும்பத்துக்கு நல்ல முடிவாக இருக்கலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். விற்பனையைத் தடுக்கும் வழி என்று மட்டும் அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது நிபந்தனையோடு விற்க விடுவது. இதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைப் பார்த்தால் போதும். 2006இல் அந்த நகரம் தன்னிடமிருந்த நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை மொத்தமாக ஃபோர்ட்ரெஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. கடனெல்லாம் தீர்ந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார்கள். வாடகையாளரைப் பாதுகாக்க 'சமூக சாசனம்' என்ற ஒப்பந்தமும் இருந்தது. ஐந்தே வருடத்தில், சாசனம் மீறப்பட்டது என்று நகரமே வழக்குப் போட வேண்டி வந்தது. கேட்டது நூறு கோடி யூரோவுக்கும் மேல். 2012இல் சமரசமாகக் கைக்கு வந்தது அதில் மிகச் சிறிய பங்கு. அந்த வீடுகள் கை மாறி இன்று வொனோவியா என்ற பெருநிறுவனத்திடம் இருக்கின்றன. 2017இல் நகரம் மீண்டும் சொந்த வீட்டு நிறுவனம் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியது. விற்றதைத் திரும்பக் கட்ட வேண்டிய நிலை. ஒப்பந்தத்தை மீறியதற்கு அபராதம் எவ்வளவு என்பதையும் வாங்குகிறவர் தன் கணக்கில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பார். அந்த வழக்கில் வாதியாக நின்றதும் நகரம்தான், வீட்டில் இருப்பவர்கள் இல்லை. இந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வாக்கெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதன் பலத்தை அதிகமாக எடைபோடுகிறவர்களும் இருக்கிறார்கள், குறைவாக எடைபோடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

டிரெஸ்டன் விற்ற அதே 2006இல் ஃபிரைபுர்க் நகரமும் தன் எட்டாயிரம் வீடுகளை விற்க நினைத்தது. விற்க முன்வந்த நகரத் தலைவர் பசுமைக் கட்சிக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும் கடன் கழுத்தை நெரித்தால் கண் வீட்டுப் பக்கம்தான் போகும். குடியிருப்பவர்கள் கையெழுத்துச் சேர்த்து நகரம் முழுவதற்குமான வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 12ஆம் தேதி வாக்களித்தவர்களில் சுமார் 70 விழுக்காடு விற்காதே என்றார்கள். விற்பனை அதோடு நின்றது. அந்த மாநிலச் சட்டப்படி அப்படிப்பட்ட முடிவை மூன்று வருடத்துக்கு நகரசபை தானாக மாற்ற முடியாது. வாடகையாளர் மட்டும் இல்லாமல் நகரத்தில் வாக்குரிமை உள்ள எல்லோரும் வாக்களித்தார்கள் என்பதுதான் இதன் அழகு. சொந்த வீட்டில் இருப்பவரிடமும் போய், 'நாளை உங்கள் பிள்ளைக்கும் இந்த வாடகை வீடு தேவைப்படலாம்' என்று பேச வேண்டியிருந்தது, அதற்குப் பலனும் கிடைத்தது.

இங்கிலாந்தில் நகரத்தையே கட்டுப்படுத்தும் அப்படியொரு வாக்கெடுப்பு நமக்கு இல்லை. இங்கே இருப்பது குடியிருப்பவர்களுக்கான வாக்கு. 1985ஆம் ஆண்டு வீட்டுச் சட்டப்படி, குடியிருப்பவர்களோடு சேர்த்து வீடுகளை வேறொரு உரிமையாளருக்கு மாற்றுவதைப் பெரும்பான்மை வாடகையாளர் எதிர்த்தால், அமைச்சர் அதற்கு அனுமதி தரக் கூடாது. நல்ல பாதுகாப்பு. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றி, கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, வெறும் நிலத்தை விற்றால் இந்தத் தடை பாதுகாக்காது.

லண்டன் வால்வொர்த்தில் இருக்கும் எய்ல்ஸ்பரி குடியிருப்பு இதைக் கண்முன் காட்டியது. 1997இல் டோனி பிளேர் பிரதமரானதும் முதல் பெரிய உரையை ஆற்ற வந்த இடம் அது. 2001 டிசம்பரில், வீட்டுச் சங்கம் (லாப நோக்கில்லாமல் வாடகை வீடு நடத்தும் அமைப்பு) ஒன்றுக்குக் குடியிருப்பை மாற்றும் திட்டத்துக்கு வாக்கெடுப்பு வந்தபோது 73 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். தெளிவான தீர்ப்பு. ஆனால் 2005இல் கவுன்சில் பழுது பார்ப்பதை விட்டுவிட்டு இடித்துக் கட்டுவது என்று தீர்மானித்தது. 2016இல் அமைச்சரே கட்டாயக் கொள்முதலுக்கு ஒருமுறை அனுமதி மறுத்தார், அதுவும் இடிப்பைத் தள்ளிப்போட்டதோடு சரி. அந்த 73 விழுக்காடு பொய்யாகவில்லை. கவுன்சில் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதிலாக இருந்தது. அடுத்த கேள்வியைக் கவுன்சில் யாரிடமும் கேட்கவில்லை.

2018 ஜூலையிலிருந்து லண்டன் மேயரின் நிதி வாங்கி, குறைந்த வாடகைச் சமூக வீடுகளை இடித்து, 150 அல்லது அதற்கு மேல் புதிதாகக் கட்டுகிற திட்டங்களுக்குக் குடியிருப்பவர்களின் வாக்கு கட்டாயம். இந்த விதியை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடிதம் வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதில் மேயர் பணம் இருக்கிறதா?'

தெருவிலும் நீதிமன்றத்திலும் தடுப்பது நான்காவது. இதற்கு சிட்னியின் கதையைச் சொல்ல வேண்டும். துறைமுகப் பாலத்தின் அடியில் மில்லர்ஸ் பாயின்ட், த ராக்ஸ் பகுதிகளில் அரசு வாடகை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. 2014 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸ் அரசு அங்கிருந்த 293 சொத்துகளை விற்பதாக அறிவித்தது. அதில் சிரியஸ் என்ற 79 வீட்டுக் கட்டடமும் ஒன்று. 1970களில் தொழிற்சங்கங்கள் 'பசுமைத் தடை' போட்டு, அதாவது இடித்துக் கட்டும் வேலையைச் செய்ய மறுத்து, இந்தப் பகுதி மக்களைத் துரத்தாதே என்று நின்றதால் கட்டப்பட்ட வீடு அது. குடியிருப்பவர்களும் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து அதை மரபுச் சின்னமாக அறிவிக்கக் கேட்டார்கள். மரபுக் குழுவும் பரிந்துரைத்தது. அமைச்சர் 2016இல் மறுத்தார். வழக்குப் போட்டார்கள். 2017 ஜூலையில் அமைச்சரின் முடிவு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது.

அதாவது அவர்கள் ஜெயித்தார்கள். மூன்று மாதத்தில் அடுத்த அமைச்சர் அதே மறுப்பைச் சரியான காரணங்களோடு மறுபடி எழுதினார், அவ்வளவுதான். முடிவை எப்படி எடுக்க வேண்டும் என்பதைத்தான் நீதிமன்றம் சொல்லும். எந்த முடிவு எடுக்க வேண்டும் என்று பெரும்பாலும் சொல்லாது. மைரா டிமிட்ரியூ என்ற, தொண்ணூறு வயதான, கண்பார்வை போன அம்மா தன் பத்தாவது மாடி ஜன்னலில் 'எஸ்.ஓ.எஸ்.' என்ற விளக்கை ஏற்றி வைத்திருந்தார். பாலத்தில் போகிற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கட்டடத்தில் கடைசியாக மிஞ்சியவரும் அவர்தான். 2018 தொடக்கத்தில் அவரும் வெளியேறினார். அடுத்த வருடம் கட்டடம் 150 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு ஒரு நிறுவனத்துக்குப் போனது. அந்தப் போராட்டம் சின்னதில்லை. நாலு வருடம் வாங்கிக் கொடுத்தது, கட்டடம் இடிபடாமல் காத்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. இதை வாசித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த நாலு வருடமும் கையில் இருந்தபோது, இந்த வீடுகளை விற்காவிட்டால் யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் லண்டனிலேயே இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் என்றால் நமக்குப் பாராளுமன்றமும் மணிக்கூண்டும்தான் ஞாபகம் வரும். அதே வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலுக்குள் ஹாரோ ரோடு பக்கம் வால்டர்டன், எல்ஜின் என்ற குடியிருப்புகள் இருக்கின்றன. பழைய விக்டோரியா காலத்து வீட்டு வரிசைகள், கூடவே இருபது மாடிக்கு மேற்பட்ட இரண்டு கோபுரங்கள், அவற்றுக்குள் அஸ்பெஸ்டாஸ். 1985இல், ஷெர்லி போர்ட்டர் தலைமையிலான கவுன்சில் இவற்றைத் தனியார் கட்டுநர்களுக்கு விற்கப் போகிறது என்று மக்களுக்குத் தெரிய வந்தது. உடனே ஒரு செயற்குழு அமைத்தார்கள். கவுன்சில் கூட்டங்களுக்குக் கூட்டமாகப் போனார்கள். வாங்க வருகிற கம்பெனிகளிடமும் நேராகப் போய், 'நாங்கள் சும்மா இருக்க மாட்டோம்' என்று சொன்னார்கள். இது வரைக்கும் மற்ற இடங்களில் நடந்ததுதான்.

வித்தியாசம் 1988இல் வந்தது. தாட்சர் அரசு அந்த வருட வீட்டுச் சட்டத்தில் 'வாடகையாளர் தெரிவு' என்ற பகுதியைக் கொண்டுவந்தது. தனியார் வீட்டுக்காரர்கள் கவுன்சில் வீடுகளை எடுத்துக்கொள்ள வழி திறப்பதற்கு எழுதிய சட்டம் அது. வாக்களிக்காதவரையும் 'சம்மதம்' என்று எண்ணும் அளவுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்த விதி. வாடகையாளர் சங்கங்கள் பல அதைக் கண்டு பயந்தன, பயந்ததில் நியாயமும் இருந்தது. வால்டர்டன் மக்கள் அதே சட்டத்தைத் திருப்பிப் பிடித்தார்கள். எடுத்துக்கொள்ளும் உரிமையாளர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால், நாமே ஏன் அந்த உரிமையாளராக இருக்கக் கூடாது? தங்களுக்குள் ஒரு வீட்டு நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு கவுன்சில் யாருக்கு விற்கப் பார்த்தாலும் முதலில் இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

1991இல் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆதரித்தார்கள். 1992 ஏப்ரலில் 921 வீடுகள் குடியிருப்பவர்களின் நிறுவனத்துக்கு மாறின. அதுவும் காசு கொடுத்து வாங்கவில்லை. பல வருடம் பராமரிக்காமல் விட்டதால் பழுது பார்க்கும் செலவு வீடுகளின் மதிப்பைவிட அதிகமாகிவிட்டது. அதனால் கவுன்சில்தான் அவர்களுக்கு மில்லியன் கணக்கில் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. சீதனத்தோடு பெண்ணை அனுப்பிய மாதிரி என்று நம் ஆட்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். ஆபத்தான அந்தக் கோபுரங்கள் பின்னால் இடிக்கப்பட்டன, மக்கள் தங்கள் வசதிக்கேற்பப் புது வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். வாக்குகளுக்காக வீடுகளை விற்ற கொள்கை சட்டவிரோதம் என்று 2001 டிசம்பரில் பிரபுக்கள் சபை ஷெர்லி போர்ட்டருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்திருந்தால், இவர்களுக்கு அதற்குள் வீடு இருந்திருக்காது.

என் கேள்விக்கு இந்த ஒரு வழிதான் 'நிற்கும்' என்று பதில் சொல்கிறது. உரிமையே கை மாறிவிட்டதால் அடுத்த தேர்தலில் யார் வந்தாலும் விற்க முடியாது.

இதில் உள்ள கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. 'வாடகையாளர் தெரிவு' 1996இல் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக இப்போது இங்கிலாந்தில் 'மாற்றும் உரிமை' விதிகள் இருக்கின்றன. 2013 கடைசியில் நடைமுறைக்கு வந்தவை. குறைந்தது நூறு வீடுகள் வேண்டும். சங்கத்தில் வாடகையாளரில் ஐந்தில் ஒரு பங்கினராவது உறுப்பினராக இருக்க வேண்டும். அப்புறம் சாத்திய ஆய்வு, பேச்சுவார்த்தை, வாக்கெடுப்பு என்று வருடங்கள் ஓடும். மறுசீரமைப்புக்குப் பெரிய பாதிப்பு என்று கவுன்சில் அமைச்சரிடம் முறையிட்டுத் தடுக்கவும் பார்க்கலாம். வரவுசெலவுக் கணக்கு, காப்புறுதி, கடன், பழுது வேலை எல்லாம் நம் தலையில் வரும். வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளைப் பார்த்து, மிச்சமிருக்கும் நேரத்தில் இதைச் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் நாலைந்து பெண்கள்தான். அவர்களைக் களைக்கவிடாமல் பார்ப்பதே பாதி வேலை.

முடியாது என்று யாராவது சொன்னால் வெஸ்ட் கென்சிங்டன், கிப்ஸ் கிரீன் குடியிருப்புகளைக் காட்டுங்கள். ஏர்ல்ஸ் கோர்ட் பக்கத்தில் 760 வீடுகள். 2013இல் ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில் அவற்றை இடித்துக் கட்ட காப்கோ என்ற நிறுவனத்துக்கு 105 மில்லியன் பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. அதற்கு முன்பே மக்கள் தங்கள் சொந்த வீட்டு நிறுவனத்தைப் பதிவு செய்து, 'எங்களிடம் கொடுங்கள்' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வால்டர்டன் போராட்டத்தை நடத்திய ஜோனதன் ரோஸன்பர்க் வந்து துணை நின்றார். இடிக்காமல் எப்படிப் புது வீடுகள் சேர்க்கலாம் என்று கட்டடக் கலைஞர்களை வைத்து மக்களே திட்டம் வரைந்தார்கள். 2019 நவம்பரில் காப்கோ குடியிருப்புகளைத் திரும்பக் கவுன்சிலிடம் கொடுத்தது. மாற்றும் உரிமை முழுமையாக நிறைவேறியதால் வந்த வெற்றி இல்லை இது. சந்தை சரிந்தது, கவுன்சிலில் ஆட்சி மாறியது, எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனால் அத்தனை வருடமும் கலையாமல் நின்றதற்கு, மக்கள் வெறுமனே 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருக்காமல் 'எங்களுக்கு வேண்டும்' என்று ஒரு நிறுவனத்தோடு நின்றதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் என் முடிவு இது. நூறு வீடோ அதற்கு மேலோ இருந்தால் முதல் நாளிலிருந்தே ஐந்தாவது வழிக்கான வேலையைத் தொடங்குங்கள். போராட்டம், மனு, வழக்கு எல்லாம் அதற்கு நேரம் வாங்கித் தரட்டும். வாக்கெடுப்பு வந்தால் ஜெயியுங்கள், ஆனால் அந்த வாக்குச் சீட்டில் என்ன கேள்வி கேட்டிருக்கிறது, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். நூறுக்குக் குறைவு என்றால் கஷ்டம்தான். இருபத்தைந்து வீடுகள் இருந்தாலே நிர்வாகத்தைக் கையிலெடுக்கும் உரிமை உண்டு, அதையாவது எடுங்கள். உரிமை கைக்கு வராவிட்டாலும், கணக்கும் சாவியும் நம்மிடம் இருக்கும் இடத்தைக் காலி செய்ய வைப்பது கஷ்டம். பக்கத்துக் குடியிருப்போடு சேர்ந்து நூறு ஆக முடியுமா என்றும் விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கவுன்சில் ஆள் தனியாக வந்து, இப்போதே மாறினால் தோட்டம் வைத்த வீடு கிடைக்கும் என்று சொன்னால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு வீடாகக் காலியாகி, கதவுக்கு இரும்புத் தகடு அடித்த பிறகு மிஞ்சி இருப்பவருக்கு அந்த இடத்தில் வாழ்வதே பயமாகிவிடும். போக வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால் போங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்ரியின் குடியிருப்பில் 140 வீடுகள். எல்லாமே வாடகை வீடுகள் என்று வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு 28. அவருக்கு எல்லாத் தளத்திலும் ஆட்களைத் தெரியும். சோமாலியப் பெண்கள் இரண்டு பேர் வார இறுதியில் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் மொழியில் பேச ஆள் வேண்டுமே. படிவத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஞாயிறு பத்து மணிக்கு, லிஃப்ட் வேலை செய்யாத பக்கத்தின் மேல்மாடியிலிருந்து தொடங்குகிறோம்.